பானெட்டில் வளர்ந்தவன்

பிக்கப் வண்டியின் பானெட்டில் விழுந்திருந்த பள்ளம், வண்டி தினசரி ஓட ஆரம்பித்த முதல் வருடத்தில் ஓர் அங்குலம் வளர்ந்தது. இரண்டாம் வருடம் முக்கால் அங்குலம். அதற்குப் பிறகு வளர்த்தி கொஞ்சம் மந்தப்பட்டது; அந்த வயதுக்கு அது வழக்கம்தான். பள்ளம் என்றால் கல் விழுந்த பள்ளமோ மரக்கிளை முறிந்து விழுந்த பள்ளமோ இல்லை. ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்து எழுந்தால் மெத்தையில் அச்சு விழுமே, அப்படி. வலது தோள், விலா, இடுப்பு, தொடை, முட்டி. நீட்டிய கை ஹெட்லைட் மூலையில் மூடிய விரல்களோடு முடிந்தது. பதினைந்து வயதுப் பையனின் அச்சு. அந்தப் பையனின் அப்பாதான் இப்போது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஊரில் பாதிவிலை என்று பெயர். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், நிலை எல்லாம் வாங்கி, ஆணி பிடுங்கி, இழைத்து, திரும்ப விற்பது தொழில். எதிராளி என்ன விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் ஐந்து நாள் போதாதா என்று கேட்கிற ஆள். இந்த வண்டி மோதி மகன் இறந்த வழக்கு மூன்று வருடம் நடந்தது. வண்டி சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்தின் பின்பக்கம் நின்றது. இன்ஜினுக்குள் செடி முளைத்து, கியர் கம்பியைச் சுற்றிக் கொடி ஏறியது. பையன்தான் குறுக்கே வந்தான் என்று டிரைவரை விடுவித்தார்கள். வண்டியின் சொந்தக்காரர் அதைத் திரும்பக் கேட்டு வரவில்லை. ஏலம் விட்டார்கள். வந்திருந்த பழைய இரும்பு வியாபாரிகளுக்கெல்லாம் பானெட்டில் இருப்பது யார் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதிவிலை பாதி விலை கேட்டார். சுத்தியல் விழுந்துவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மலிவாகக் கிடைத்தால் பெற்ற பிள்ளையின் பாடையையும் வாங்குவான் என்று ஒரு கட்சி சொன்னது. துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று இன்னொரு கட்சி. மனைவியின் தம்பி மட்டும் நேரே வந்து, "மாமா, ஊர்ல வேற வண்டியே இல்லையா?" என்று கேட்டான்.  பாதிவிலை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுப்பான். நம்ம தெருவுலயே ஹாரன் அடிச்சுட்டுப் போவான். அது பரவாயில்லையா உனக்கு?"

அவள் உள்ளே போனாள். மறுநாளிலிருந்து முன்வாசலைத் தொடவில்லை. வண்டி முன்னால் நின்றதால் பின்வாசல் வழியாகவே போனாள், வந்தாள். அவள் தையற்காரி, துணி கொடுக்க வருகிறவர்களும் சந்து சுற்றிப் பின்பக்கம் வரப் பழகிக்கொண்டார்கள். கணவனோடு பேச்சு நின்றது. பாதிவிலை செய்யக்கூடியதைச் செய்தார். பின்வாசலில் இருந்த தகரக் கதவைக் கழற்றிவிட்டு, கிடங்கிலேயே உசத்தியான ஒற்றைப் பலகைக் கதவை மாட்டினார். அவள் அதையும் திறந்தாள், சாத்தினாள், அவ்வளவுதான்.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. மகன் இறந்த அன்று காலை பாதிவிலை எதிர்ச்சாரி இரும்புக்கடையில் ஒரு டஜன் கதவுக் கீல் வாங்கி வந்தார். பிரித்து எண்ணினால் பதினொன்று. சாயங்காலம் அந்தப் பக்கம் போகும்போது வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் வியாபாரத்தில் வளர்ந்தவனுக்கு எண்ணிக்கை குறைவது செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி. உதறாமல் அடுத்த அடி வைக்க வராது. பள்ளிக்கூடம் கிளம்பிய மகனைக் கூப்பிட்டு, போய் ஒன்று வாங்கி வா, தரவில்லை என்றால் அங்கேயே நில் என்று அனுப்பினார். பையன் போனான், நின்றான், வாங்கினான், கையில் பிடித்தபடி சாலையைக் கடந்தான். விழுந்த இடத்துக்கு முதலில் ஓடியவர் அப்பாதான். கூட்டம் கூடுவதற்குள் கீலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது வளையவே இல்லை. ஒரு மாதம் கழித்து நாலாவது கதவில் அதை மாட்டினார். கதவு ஒரு பல் மருத்துவர் வீட்டுக்குப் போயிற்று. மனைவியிடமும் நீதிமன்றத்திலும் அவர் சொன்னது, பையன் சிநேகிதனிடம் நோட்டு வாங்க அந்தப் பக்கம் போனான் என்று. எந்தச் சிநேகிதன் என்று யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

வண்டியைத் தேற்ற ஏழு மாதம் ஆனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று மெக்கானிக் முதல் நாளே சொல்லிவிட்டார். பிஸ்டன் நான்கும் இறுகிப் பிடித்திருந்தன. டீசலை ஊற்றி ஊற வைத்துப் பதினெட்டாம் நாள் ஒரு சுற்று சுற்றியது. ஒயரிங் முழுவதையும் எலி தின்றிருந்தது. டேங்க்கின் அடியில் தார் மாதிரிக் கசடு. கிளட்ச் பிளேட் வீலோடு ஒட்டியிருந்தது. டிரைவர் பக்கத்துத் தரை துருப்பிடித்து விழுந்துவிட்டதால் உட்கார்ந்தால் சாலை தெரிந்தது. பாதிவிலை ஒவ்வொரு சாமானுக்கும் பழைய வண்டிச் சந்தைகளில் அலைந்தார். ஒரு ரேடியேட்டருக்காக மூன்று நாள் பேரம் பேசியதில், விற்றவனுக்குக் காய்ச்சல் வந்து அவன் தம்பிதான் கடைசியில் கொடுத்தான். ஏழாம் மாதம் ஹீட்டர் பிளக் சிவந்து, ஒரு தும்மல், இரண்டு தும்மல், பிறகு கரும்புகையோடு வண்டி பேச ஆரம்பித்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, இனி இது தினசரி ஓடினால்தான் உயிரோடு இருக்கும், நிறுத்தினால் மறுபடி இறுகும் என்றார். அவர் இன்ஜினைத்தான் சொன்னார்.

பள்ளத்தை எடுக்க டிங்கர் வந்தார். தகரத்தை அடித்து நிமிர்த்துவதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு மிஞ்சி ஆள் இல்லை. அரை நாள் தட்டி, பானெட்டைத் தண்ணீர் நிற்கிற தாம்பாளம் மாதிரி ஆக்கிவிட்டு, குழாயடியில் கை கழுவப் போனார். சோப்பு நுரை கையில் இருக்கும்போதே பின்னால் ஒரு சத்தம்; யாரோ மெல்லப் படுத்த சத்தம். திரும்பிப் பார்த்தால் பள்ளம் பழையபடி இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் சுத்தியலைப் பையில் வைத்தார்.

"அண்ணே, இது வேலைக்கு ஆகாது. நான் நிமித்துறேன், அவன் படுக்குறான். கூலி நாள் கணக்குல வாங்கினா எனக்கு லாபம்தான், ஆனா மனசு கேக்கல."

பாதிவிலை குனிந்து ஹெட்லைட் மூலையைக் காட்டினார். மூடிய விரல்களின் அச்சுக்கு நடுவே நாலங்குலத்துக்கு ஒரு தட்டை அச்சு. அதில் வரிசையாகத் திருகு ஓட்டைகள். டிங்கருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. இதை மட்டும் மூடிவிட முடியுமா என்று பாதிவிலை கேட்டார். எதற்கு என்று டிங்கர் கேட்கவில்லை. பட்டி குழைத்து அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தார். சுத்தியலுக்கு மசியாத உடம்பு இந்தப் பட்டியை மட்டும் தள்ளாமல் வாங்கிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் ஒரு கீலைப் பட்டியில் மறைத்தார். வருடத்துக்கு ஒரு தடவை, மற்றவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல, அந்த இடத்துக்குப் புதுப் பட்டி போட்டார்.

வண்டி தினசரி ஓடியது. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, இடிக்கிற வீடு, கிடங்கு, வாங்குகிறவர் வீடு என்று அறுபது எழுபது கிலோமீட்டர். தகுதிச் சான்று கொடுக்கிற அதிகாரி பள்ளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். அவருடைய படிவத்தில் இதற்குத் தோதான கட்டம் இல்லை. கடைசியில் நிறம் என்ற இடத்தில் "வெள்ளை, ஆளோடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருடம் கழித்து, முன்தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியபோது வண்டியைப் பின்பக்கம் நிறுத்த வேண்டி வந்தது. துணி உலர்த்த வந்த மனைவி பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் தையற்காரியின் கண் அளவெடுக்காமல் எதையும் பார்க்காது. கடைசியாக அவனுக்குப் பள்ளிச்சட்டை தைத்தது அவள். தோள் அகலம் விரலில் இருந்தது. ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் அளவுநாடா எடுத்து வந்தாள். பானெட்டின் மேல் வைத்தாள். மறுபடி வைத்தாள். பாதிவிலை கிடங்கு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள் முக்கால் இன்ச் ஏறியிருக்கு. நீளம் ஒரு இன்ச்." ஒன்றரை வருடத்தில் அவளுடைய முதல் பேச்சு அது. பிறகு கேட்டாள்: "அங்க போலீஸ்ல நின்னப்ப?"

போலீஸ் மகஜரில் பள்ளத்தின் அளவு எழுதியிருந்தார்கள். ஏலம் எடுத்த நாளிலும் அதே அளவுதான். மூன்று வருடம் நின்றபோது அவன் வளரவில்லை. ஓட ஆரம்பித்த பிறகுதான் வளர்ந்தான். அதைப் புரிந்துகொள்ள அவர்கள் இருவருக்கும் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. அன்றிலிருந்து வண்டி ஒரு நாள் கூட நிற்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமானது. கதவு இல்லாத நாளிலும், மழையிலும், பாதிவிலைக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலிலும் வண்டி போனது. மாதம் முதல் தேதி அவள் அளவெடுத்தாள். வருடத்துக்கு ஒரு சட்டை அந்த அளவுக்குத் தைத்து, மடித்து, அலமாரியில் வைத்தாள். தோள் தனக்குச் சரியாக இருக்கும் போலிருக்கிறதே என்று அவள் தம்பி ஒன்றைக் கேட்டுப் பார்த்தான்; அவள் பார்த்த பார்வையில் போட்டிருந்த சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடியிருப்பான். வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. வண்டி ஓடிய வருடங்களைக் கூட்டி வந்த பதினேழு வயதில் பள்ளத்தின் மேலுதட்டுப் பக்கம் லேசாகச் சொரசொரப்பு வந்தபோது பாதிவிலை அதைத் தடவிப் பார்த்து, தன் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த வயதில்தான் என்றார். தன் அப்பாவுக்குப் பதினாறிலேயே முளைத்துவிட்டது என்று அவள் பேரம் பேசினாள். இத்தனைக்கும் நடுவில் மூலையில் இருந்த பட்டியைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம், அங்கே துரு, அதனால்தான் என்று சொல்லிவந்தார். நல்ல நாட்களில் சொல்கிற பொய்க்கு வட்டி அதிகம் என்பது வியாபாரிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் சொன்னார், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் அல்லவா.

ஐந்தாம் வருடம், அவனுக்கு இருபது நடக்கும்போது, பள்ளத்தின் விரல்கள் திறக்க ஆரம்பித்தன. பயம் போன பிள்ளை தூக்கத்தில் முஷ்டியைத் தளர்த்துவது போல, மாதம் ஒரு நூலளவு. பட்டியில் கீறல் விழுந்தது. பாதிவிலை பூசினார், அடுத்த வாரமே வெடித்தது. டிங்கரைக் கூப்பிட்டார், டிங்கர் வரவில்லை. முதல் தேதி வந்தது. சட்டைக்குக் கை நீளம் எடுக்க அவள் பள்ளத்தின் மணிக்கட்டில் நாடாவை வைத்தாள். பட்டி மொத்தமாகப் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது; அடியில் இருந்த அச்சு வெளியே தெரிந்தது. கதவுக்காரரோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு நாலங்குலக் கீல் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து இரும்புக்கடைக்குப் போனாள். கடைக்காரர் எட்டு வருடமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தவர். குறைத்துக் கட்டியது அவர் கைதானே. உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பையன் வந்து ஒன்று குறைகிறது என்றதாகவும், தான் குறையவில்லை என்று சாதித்ததாகவும், அவன் கால் மணி நேரம் அசையாமல் நின்றதாகவும், கடைசியில் எடுத்துக் கொடுத்ததாகவும் சொன்னார். கேட்டவுடனே கொடுத்திருந்தால் அந்த வண்டி வருவதற்குள் பையன் வீட்டில் இருந்திருப்பான் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அவள் எழுந்து வந்தாள்.

பாதிவிலை ஒரு ஜன்னல் நிலையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கீலு," என்றாள்.

எந்தக் கீல் என்று அவர் கேட்கவில்லை.

"பதினொண்ண வச்சு ஒப்பேத்தியிருக்கக் கூடாதா நீங்க?"

"கதவுக்கு மூணு," என்றார் பாதிவிலை. "நாலு கதவு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நாற்பது வருடமாகக் கேள்வி வந்தால் கணக்குச் சொல்லிப் பழகிய வாய். அது அவரைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை. கையில் இருந்த ஆணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் அழவில்லை. கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. இனிமே நான் ஓட்டிக்கிறேன். ரிப்பேர் மட்டும் நீங்க பாருங்க."

வீட்டை விட்டு அவரை அனுப்பாததற்குக் காரணம் மன்னிப்பு அல்ல. அவ்வளவு பழைய டீசல் வண்டியை ஒரு நாள் விடாமல் ஓட வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டும் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். நாற்பத்தேழு வயதில் அவள் ஓட்டக் கற்றாள். லைசென்ஸ் வரும்வரை காலையில் மெக்கானிக் ஓட்டினார். பாதிவிலையைச் சாவி தொட அவள் விடவில்லை. அதற்குப் பிறகு அவள் முன்னால், அவர் பின்னால். கதவுகள் சரியாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் அல்லவா. வெயிலிலும் மழையிலும் கதவுகளோடு கதவாக அவர் உட்கார்ந்து போவதை ஊர் ஒரு மாதம் வேடிக்கை பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. வண்டியில் கோளாறு என்றால் அவள் வாயால் சொல்வதில்லை. துண்டுச் சீட்டில் எழுதி வைப்பரில் சொருகிவைப்பாள். "பிரேக் கீச்சுது." "இரண்டாவது கியர் விழ மாட்டேங்குது." அவர் சரிசெய்துவிட்டுச் சீட்டை அடுப்பில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். அவளிடமிருந்து அவருக்கு வந்த சொற்கள் என்று பார்த்தால் அவைதான்.

ஒரு தடவை கியர்பாக்ஸ் மொத்தமாகப் போனது. வண்டி பதினொரு நாள் நின்றது. அவள் வேலை எதையும் தொடாமல் பானெட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் அளந்தாள், தினமும் அதே அளவு. பாதிவிலை பஸ் மாறி, லாரி மாறி, எட்டாம் நாள் எங்கேயோ ஒரு பழைய இரும்புக் கிடங்கில் அதே மாதிரி கியர்பாக்ஸைக் கண்டுபிடித்தார். கிடங்குக்காரன் வாயில் வந்த விலையைச் சொன்னான். இவர் எண்ணிக் கொடுத்தார். வாழ்க்கையில் அப்படிப்பட்ட வாடிக்கையாளரைப் பார்த்திராத கிடங்குக்காரன் பயந்துபோய், சாமானில் ஏதோ ஓட்டை இருக்கிறது போல என்று தானே சோதித்துப் பார்த்து, தானே கொஞ்சம் குறைத்துக்கொண்டான். அதைத் தோளில் சுமந்து வந்து மாட்டி, பன்னிரண்டாம் நாள் காலை வண்டி கிளம்பியபோது, அவருடைய வலது தோள் இறங்கியிருந்தது. பிறகு அது ஏறவே இல்லை. அவள் பார்த்தாள். சீட்டில் எதுவும் எழுதவில்லை.

வருடங்கள் போயின. பள்ளம் உயரத்தை நிறுத்திவிட்டு அகலத்தில் இறங்கியது. மார்பு விரிந்தது. இருபத்தைந்தில் இடுப்பில் ஒரு சுற்று போட்டது. அலமாரிச் சட்டைகளில் கடைசி நான்கும் வெவ்வேறு அளவு. முழங்கால் பானெட்டைத் தாண்டி மட்கார்டு வரை வந்துவிட்டதால் டிங்கர் அந்தப் பக்கத்து விளிம்பை வெட்டி நீட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. தகுதிச் சான்று அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவரும் பழைய படிவத்தைப் பார்த்து அதே இடத்தில் அதையே எழுதினார். விரல்கள் முழுக்கத் திறந்து, கீலின் அச்சு வெயிலில் வெளிப்படையாகக் கிடந்தது. அதை மூட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பள்ளத்தின் கணக்கில் அவனுக்கு இருபத்தெட்டு நடந்த வருடத்தில், ஒரு சாதாரண வேலை நாளில், காலை எட்டு மணிக்கு அவள் சாவியோடு வெளியே வந்தாள். பள்ளம் புரண்டு படுத்திருந்தது. இத்தனை வருடமும் வலது தோள் இருந்த இடத்தில் இப்போது இடது தோள். முகம் சாலைப் பக்கமிருந்து கண்ணாடிப் பக்கம், ஸ்டியரிங் பக்கம் திரும்பியிருந்தது. கால்களைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்திருந்தான். பழைய இடத்தில் தகரம், கீல் அச்சு இருந்த மூலை உட்பட, சுருக்கம் கூட இல்லாமல் மட்டமாக இருந்தது.

அவள் கழுத்தில் இருந்த நாடாவை எடுத்தாள், அளக்கவில்லை. சுருட்டிக் கைப்பையில் வைத்தாள். பாதிவிலை கடைசிக் கதவை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, இறங்கிய தோளை முட்டாகக் கொடுத்து, வண்டியின் பின்கதவை வழக்கம்போல ஓங்கி அறையப் போனார். அந்த வண்டியில் ஓங்கி அறைந்தால்தான் அது பூட்டும்.

"பின்கதவ மெதுவா சாத்துங்க," என்றாள்.

எட்டு வருடத்தில் அவள் அவரிடம் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தைகள். திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் பின்கதவைச் சற்றுத் தூக்கி, கொண்டியைக் கையால் நகர்த்தி, சத்தம் வராமல் பூட்டினார். ஏறி, கதவுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். அன்றைய சரக்கு எட்டுக் கதவு, மூன்று ஜன்னல். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டி ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கியதால் போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதம். கோபமாக வெளியே வந்த வீட்டுக்காரர் பானெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேரத்தைத் தணிந்த குரலில் பேசினார்.